வீரணனின் பெரிய சத்தம்

“அவ பாஸ். நான் ஃபெயில். இது எந்த ஊரு நியாயம் டீச்சர்?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் மண்டபத்துக்குள் வந்து நின்று இப்படிக் கேட்டான் வீரணன்.

தில்ஷாத் டீச்சர் மணமேடையில் நாற்காலி போட்டு ஏறி நின்றுகொண்டிருந்தாள். முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மோகோல் எழுத்துகளைப் பின்திரையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பெயர் போய்விட்டது. பெண் பெயரில் பாதி மிச்சம் இருந்தது.

“செருப்புண்ணே,” என்றாள்.

வீரணன் வாசலுக்குத் திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தான். கோபம் கூடவே போய்க் கூடவே வந்தது.

திருமங்கலம் அங்காளம்மன் மஹால் முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத நாளில் கோச்சிங் சென்டர். ஊரெல்லாம் ஆவணி எப்போது வரும், தை எப்போது வரும் என்று காத்திருக்கும்போது, இங்கே படிக்கிறவர்கள் ஆடியும் மார்கழியும் வராதா என்று காத்திருப்பார்கள். டீச்சர் மணமேடையில் நின்று நடத்துவாள். படிக்கிறவர்கள் விருந்தாளிகளின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். காலுக்கடியில் அட்சதை நெருடும்.

வீரணனுக்கு டீச்சரைவிட வயது அதிகம். அதனால் இங்கே குரு சிஷ்யனை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். சிஷ்யனும் குருவிடம் அண்ணன்மாதிரிதான் சண்டைக்கு வருவான்.

சண்டைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எழுமலைப் பக்கம் மலையடிவாரத்து ஊர் அவனுக்கு. ஆடு மேய்த்த காலத்திலிருந்தே காட்டுக்குள் ஒரு வேலை என்பதுதான் ஆசை. வனப் பயிற்சிக் கல்லூரியின் நுழைவுத் தேர்வை இதுவரை எழுதியதெல்லாம் தோல்வி. அடுத்து வருவதுதான் கடைசி. அதற்குப் பிறகு வயசு தாண்டிவிடும். தாண்டிவிட்டால் அக்கா வீட்டுக்காரரின் பைப் கடைதான் ஆயுசுக்கும்.

மச்சான் கெட்டவர் இல்லை. “கவலைப்படாத மாப்ள, கடை போர்டுல ஒன் பேரையும் சேத்து எழுதிருவோம்,” என்று ஆறுதல் சொல்லுவார். அந்த ஆறுதலைக் கேட்கும்போதெல்லாம் வீரணன் எழுந்து கடைக்கு வெளியே போய் நின்றுகொள்வான்.

“நீங்க கிளாஸ்ல கேட்டா யாரு சத்தம் டீச்சர் பெருசாக் கேக்கும்?”

“உங்க சத்தம்தாண்ணே.”

“அந்தத் தவமணி என்னைக்காவது வாயத் தொறந்திருக்கா?”

“இல்லண்ணே.”

“தூணுக்குப் பின்னாடி உக்காந்து உதட்ட மட்டும் அசைச்சுக்கிட்டு இருக்கும். பேச்சே வராதோன்னு பாவப்பட்டேன் டீச்சர். அது பாஸாம். நான் ஃபெயிலாம்!”

டீச்சர் ஓர் எழுத்தைப் பிடுங்கி நீட்டினாள்.

“இதக் கொஞ்சம் பிடிங்கண்ணே.”

பிடித்தான். அடுத்ததையும் பிடித்தான். யாரோ ஒரு பெண்ணின் பெயரைக் கை நிறைய அணைத்துக்கொண்டு நியாயம் கேட்டு நிற்பது அவனுக்கே ஒரு மாதிரி இருந்தது.

*

தில்ஷாத் டீச்சரின் வகுப்பு எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இது புதிதில்லை.

டீச்சர் ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பாள். முக்கால்வாசி போனதும் நிறுத்திவிட்டுப் புருவத்தைத் தூக்குவாள். மீதியைக் கூட்டம் சொல்லும்.

“ஓசோன் படலம் சூரியன்லேருந்து வர்ற புற ஊதாக் கதிர்களைத் தடுத்து...”

“நிறுத்தும்!”

“அது இல்லேன்னா நமக்குத் தோல் புற்று...”

“நோய்!”

எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்த முறையோ தெரியாது. ஒன்றாம் வகுப்பில் பிடிக்கிற சுருதி, மீசை நரைத்தாலும் விடுவதில்லை. ஓர் எருமை மாட்டைக் கொண்டுவந்து நடுவில் உட்கார வைத்தால் நாலு நாளில் அதுவும் சேர்ந்து கத்தும்.

இந்தக் கச்சேரிக்கு வீரணன்தான் பெரிய வித்வான். அவன் கத்தினால் பின்கட்டில் அண்டா கழுவுகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். கத்தி முடித்ததும் யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பான். வீட்டுக்குப் போனால் புத்தகத்தைத் தொடமாட்டான். எதற்குத் தொட வேண்டும்? எல்லாம்தான் வகுப்பிலேயே வந்துவிட்டதே.

*

எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்கும்போதே தவமணி வந்தாள். கையில் லட்டு டப்பா.

டீச்சருக்குக் கொடுத்தாள். இவனிடமும் நீட்டினாள்.

“அண்ணே, எடுத்துக்கங்க.”

வீரணன் எழுத்துகளைக் கீழே வைத்துவிட்டு ஒரு லட்டு எடுத்துக்கொண்டான். கோபமாக இருக்கிறவன் இனிப்புச் சாப்பிடக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை.

“ஏம்மா, நீ ஏன் ஒரு நாளும் கூடச் சேந்து பதில் சொல்ல மாட்டேங்கிற?”

“சொல்லுவேண்ணே. உள்ளுக்குள்ள.”

“உள்ளுக்குள்ள சொன்னா யாருக்குக் கேக்கும்?”

“எனக்குக் கேக்கும்ணே.”

வீரணன் மென்றுகொண்டே முறைத்தான். அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“பாதி நாளு தப்பாத்தாண்ணே இருக்கும். நீங்கள்லாம் ஒண்ணு சொல்லுவீங்க, நான் உள்ளுக்குள்ள வேற ஒண்ணு சொல்லியிருப்பேன். வீட்டுக்குப் போயி அத மட்டும் எடுத்துப் படிப்பேன்.”

வீரணன் டீச்சர் பக்கம் திரும்பினான்.

“கேட்டீங்களா? பாதி தப்பாம். நான் சொல்லல, அவளே சொல்றா! பாதி தப்பாச் சொல்றவ பாஸு. முழுசும் சரியாச் சொல்றவன் ஃபெயிலு. நாடு உருப்படுமா டீச்சர்?”

டீச்சர் லட்டைப் பிட்டு வாயில் போட்டாள்.

“நெய் லட்டா தவமணி? நல்லாருக்கு,” என்றாள்.

வீரணன் வந்த வேகத்தில் போய்விட்டான். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு போனதைத் தெருமுனையில்தான் கவனித்தான். அதற்கும் டீச்சர் மேல்தான் கோபம் வந்தது.

*

அடுத்த தடவை வந்தபோது கையில் ஒரு கட்டு இருந்தது. சணல் கயிறு போட்டுக் கட்டிய புத்தகக் கட்டு. மேடையில் தொப்பென்று போட்டான்.

“கண்டுபிடிச்சிட்டேன் டீச்சர். தப்பு புத்தகத்துல இருக்கு.”

“அப்படியாண்ணே?”

“மொத வருஷம் இந்த கைடு படிச்சேன். பாஸான பய ஒருத்தன் வேற கைடு வச்சிருந்தான். அத வாங்குனேன். அடுத்த வருஷம் பாஸானவன் இன்னொண்ணு வச்சிருந்தான். அதையும் வாங்குனேன். எந்த எழவுல இருந்து கேள்வி எடுக்குறாய்ங்கன்னே தெரியல. ஊர ஏமாத்துறாய்ங்க.”

டீச்சர் கயிற்றை அவிழ்த்தாள். ஒரு புத்தகத்தை எடுத்து விரலால் பக்கங்களைச் சரசரவென்று ஓடவிட்டாள். முதல் பாடம் அழுக்கேறி, முனை மடங்கி, பழைய சீட்டுக்கட்டுபோல இருந்தது. மூன்றாம் பாடத்துக்கு மேல் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன. அச்சு வாடைகூடப் போகவில்லை.

அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படித்தான்.

அதற்கு அடுத்ததும்.

“இதுல கடைசிப் பக்கம் வரைக்கும் போனது எதுண்ணே?”

“கைடே சரியில்லன்னு சொல்றேன். அத எதுக்குக் கடைசி வரைக்கும் படிக்கணும்?”

“சரிண்ணே.”

அன்றைக்கு மண்டபத்தில் கரண்ட் இல்லை. டீச்சர் அந்தக் கைடுகளில் ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டாள். வீரணனுக்குக் கோபம் மூக்கு நுனி வரைக்கும் ஏறியது. அவன் அறிவை விசிறியாக்கிவிட்டதாகத் தோன்றியது அவனுக்கு.

*

ஆடி மாதம் பிறந்தது. தினமும் வகுப்பு நடந்தது.

வீரணன் சும்மா இருக்கவில்லை. எந்தப் பாடத்தை எந்த மணிக்குப் படிப்பது என்று ஒரு கால அட்டவணை போட்டான். சாதாரண அட்டவணை இல்லை. கணக்குக்குச் சிவப்பு, அறிவியலுக்குப் பச்சை, வரலாற்றுக்கு ஊதா. ஸ்கெட்ச் பேனா தீர்ந்து போக, மறுபடி வாங்கினான். கோடு கோணலாகப் போக, சார்ட்டைக் கிழித்துப் போட்டு மறுபடி போட்டான். ஆடிப்பெருக்கும் வந்து போயிற்று. அட்டவணை மச்சான் கடைச் சுவரில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. பைப் வாங்க வந்தவர்களெல்லாம் பாராட்டினார்கள்.

மாதிரித் தேர்வு வைத்தால் எழுதுவான். எழுதி முடித்ததும் மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பான். அதிகம் என்றால் டீ வாங்கிக் கொடுப்பான். குறைவு என்றால் கேள்வி போட்டவனைத் திட்டுவான். எது தப்பாய்ப் போயிற்று என்று மட்டும் பார்க்கமாட்டான். தப்பானதைப் பார்த்தால் மனசு ஒடிந்துவிடும் என்பது அவன் கட்சி.

வகுப்பில் அவன் சத்தம் இன்னும் பெருகியது. கடைசி வாய்ப்பு இல்லையா?

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் மேடைக்கு வந்தான்.

“டீச்சர், சுத்தி வளைக்காமக் கேக்குறேன். நான் என்ன தப்புப் பண்றேன்? ஒத்த வார்த்தையில சொல்லுங்க.”

டீச்சர் அவனைப் பார்த்தாள்.

“சொன்னா கேப்பீங்களாண்ணே?”

“கேக்கத்தானே வந்திருக்கேன்!”

“கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“நான் எப்பக் கோவிச்சேன்?” என்று கத்தினான் வீரணன்.

“நாளைக்குச் சொல்றேண்ணே,” என்றாள் டீச்சர்.

*

மறுநாள் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு, வழக்கம்போலக் கொஞ்சம் தாமதமாகத்தான் வீரணன் வந்து சேர்ந்தான். மண்டபம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் அவன் நாற்காலி மட்டும் காலி. உட்கார்ந்தான். இன்றைக்குத் தன்னைப்பற்றி டீச்சர் என்ன சொல்லப்போகிறாள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. பாடத்தை ஆரம்பித்தாள்.

“இந்தியாவோட தேசியப் பறவை...”

“மயில்!”

“தேசிய மரம்...”

“ஆலமரம்!”

வீரணன் குரல் மண்டபத்தின் மின்விசிறிகளைத் தொட்டுவிட்டு வந்தது.

“நம்ம தமிழ்நாட்டோட மாநில மரம்...”

“தென்னை!”

கூட்டம் முழுக்கச் சொன்னது. எல்லோரையும்விட உரக்கச் சொன்னது வீரணன்தான். சொல்லிவிட்டு வழக்கம்போல ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் மேடையை விட்டு இறங்கி வந்தாள்.

“வீரணண்ணே, உங்க ஊருக் கண்மாய்க் கரையில என்ன மரம்ணே நெறைய இருக்கும்?”

“பனைதான் டீச்சர். அந்தக் கரை பூரா பனைதான்.”

“அது என்ன மரம்ணே?”

“என்ன மரம்னா? அதுதான் நம்ம மாநில...”

வாக்கியத்தை அவன்தான் ஆரம்பித்தான். அவனேதான் பாதியில் நிறுத்தினான். மீதியை யாரும் சொல்லவில்லை.

யாரோ ஒருத்திக்கு அடக்க முடியவில்லை. களுக்கென்று சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், மண்டபமே சிரித்தது.

வீரணன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

“ஓ! பேசி வச்சுக்கிட்டுச் செஞ்சிருக்கீங்க. நான் வர்றதுக்குள்ள எல்லாருக்கும் சொல்லிக் குடுத்திருக்கீங்க. அப்படித்தானே?”

“ஆமாண்ணே.”

“ஒரு ஆள அசிங்கப்படுத்துறதுக்கு இத்தன பேரு! நீங்க ஒரு டீச்சரு! பனைன்னு எனக்குத் தெரியாதா? நான் பனங்காட்டுக்குள்ள பொறந்தவன். இத்தன பேரு தென்னைன்னு சொன்னா நான் மட்டும் வேற என்னத்தச் சொல்றது?”

சிரிப்பு நின்றுவிட்டது.

டீச்சர் விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். அவள் ஒன்றும் சொல்லாததுதான் வீரணனுக்கு எல்லாவற்றையும்விடப் பொறுக்கவில்லை.

“இனிமே இந்த மண்டபத்து வாசப்படிய மிதிச்சா என்னைச் செருப்பால அடிங்க!”

அன்றைக்குச் செருப்பைச் சரியாகத்தான் போட்டுக்கொண்டு போனான்.

*

கடையில் மச்சான் கேட் வால்வுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். வீரணன் வந்த வரத்திலேயே ஆரம்பித்துவிட்டான். டீச்சரைத் திட்டினான். சிரித்தவர்களைத் திட்டினான். லட்டு கொடுத்த தவமணியையும் விட்டுவைக்கவில்லை. மச்சானும் “ஆமா மாப்ள, ஆமா” என்று தலையாட்டிக்கொண்டே துடைத்தார்.

“பனைன்னு எனக்குத் தெரியாதா மச்சான்?”

“ஒனக்குத் தெரியாம இருக்குமா?”

“பச்சப் பிள்ளைக்கே தெரியும்.”

“ஆமா.” ஒரு வால்வைத் திருகிப் பார்த்துக்கொண்டே மச்சான் சாதாரணமாகக் கேட்டார். “அப்பறம் ஏன் மாப்ள தென்னைன்னு சொன்ன?”

“அது...”

மச்சான் நிமிரவில்லை. பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. அடுத்த வால்வை எடுத்துக்கொண்டார்.

வீரணன் எழுந்து பின்னால் குடோனுக்குள் போனான். பைப் கட்டுகளுக்கு நடுவில் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். யார் மீதென்று தெரியாத ஆத்திரத்தோடு பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்து விரித்தான். ஒரு பயலும் துணைக்கு இல்லாமல் எழுதிக் காட்டுகிறேன் பார் என்று நினைத்துக்கொண்டான். யாருக்குக் காட்டப்போகிறான் என்பது வேறு விஷயம்.

முதல் கேள்வியைப் படித்தான். எத்தனையோ தடவை வகுப்பில் கத்திய கேள்விதான். பார்த்த முகம்போல அது அவனைப் பார்த்தது.

வாய் லேசாகத் திறந்தது. திறந்தபடியே நின்றது.

அடுத்த கேள்விக்குப் போனான். அதற்கும் வாய் திறந்தது. அதுவும் அப்படியே நின்றது.

வாய் யாருக்காகக் காத்திருக்கிறது என்று அவனுக்கே புரிய நேரமாயிற்று.

வெளியே மச்சான் யாருக்கோ அரை இஞ்சு பைப்பை அறுத்துக்கொண்டிருந்தார். ரம்பத்தின் சத்தம் கேட்டது. அது நின்றபோது குடோனில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. தாளில் ஒரு விடைகூடக் குறிக்கப்படவில்லை. பேனா மூடியைக்கூட அவன் திறந்திருக்கவில்லை.

பயம் முதலில் வந்தது. நாளை மறுநாளே தேர்வு வந்துவிட்டதுபோல உடம்பு வேர்த்தது. கடை போர்டில் தன் பெயர் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு குழாய் படம்கூடப் போடுவார் மச்சான்.

பயத்துக்குப் பின்னாலேயே ஆத்திரமும் வந்தது. இந்தத் தடவை அதற்கு நல்ல காரணம் இருந்தது.

டீச்சருக்குத் தெரியும். இத்தனை நாளும் தெரியும்!

*

மறுநாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது வீரணன் வந்தான். வாசற்படியை மிதித்தான். அவன் சொல்லிவிட்டுப் போனதை யாரும் நினைவுபடுத்தவில்லை. நடு வழியாக நடந்து நேரே மணமேடையில் ஏறினான். மண்டபம் கப்சிப் என்று ஆகிவிட்டது.

“டீச்சர், எல்லார் முன்னாடியும் கேக்குறேன். எல்லார் முன்னாடியும் பதில் சொல்லுங்க.”

“கேளுங்கண்ணே.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

“மொத வருஷமே சந்தேகம்ணே. மத்தவங்க வாயத் தொறந்ததுக்கு அப்பறம்தான் உங்க வாய் தொறக்கும். ஆனா முடிக்கும்போது உங்க சத்தம்தான் மேல நிக்கும்.”

“தெரிஞ்சும் கத்த விட்டீங்க.”

“ஆமாண்ணே.”

“ஏன்னு சொல்லட்டுமா? நான் கத்துனா கிளாஸு களை கட்டும். ரோட்டுல போறவன் கேட்டுட்டு, இங்க நல்லாச் சொல்லிக் குடுக்குறாய்ங்கன்னு தம்பி தங்கச்சியக் கூட்டிட்டு வந்து சேப்பான். என் வாழ்க்கை போனா உங்களுக்கு என்ன? எனக்கு இதுதான் டீச்சர் கடைசி. இது போச்சுன்னா நான் சாகுற வரைக்கும் பைப்பும் எல்போவும் வித்துக்கிட்டுக் கெடக்கணும். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல?”

அவன் சத்தம் சின்னதாகக் கேட்டது மண்டபத்துக்கு அதுதான் முதல் தடவை.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். முகம் சிவந்திருந்தது.

“நீங்க சொல்றது நியாயம்தாண்ணே. உங்க சத்தம் எனக்கும் இனிப்பாத்தான் இருந்துச்சு. நான் நடத்துறது எல்லாருக்கும் புரியுதுன்னு நானும் நம்பிக்கிட்டேன். அது என் தப்புத்தான்.”

வீரணன் இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த மீதி வார்த்தைகளை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான்.

“ஆனா சொல்லாம இருக்கலண்ணே,” என்றாள் டீச்சர்.

“என்னது?”

“சொன்னேன். போன வருஷம் பரீட்சைக்கு முந்துன ஞாயித்துக்கெழம. எல்லாரும் என்னென்ன தப்புப் பண்றாங்க, அதப் பண்ணக் கூடாதுன்னு அன்னைக்குப் பூரா அதத்தான் நடத்துனேன். நீங்க முன்வரிசையில இருந்தீங்க.”

“சத்தியமா இல்ல. சொல்லியிருந்தா எனக்கு ஞாபகம் இருக்கும்.”

“இதே எடத்துல நின்னுதாண்ணே சொன்னேன். உங்களப் பாத்துத்தான் சொன்னேன்.”

“என்ன சொன்னீங்க? இப்பச் சொல்லுங்க பாப்போம்.”

டீச்சர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. அவனை மட்டும் பார்த்துக்கொண்டு, அன்றைக்குச் சொன்னமாதிரியே சொன்னாள்.

“வீட்டுல ஒத்த ஆளா உக்காந்து, வாய மூடிக்கிட்டு, தானா எழுதிப் பாக்க...”

புருவம் தானாக மேலே ஏறியது.

“ணும்!” என்றது மண்டபம்.

வீரணனின் வாயும் திறந்துவிட்டிருந்தது. அதிலிருந்து மட்டும் சத்தம் வரவில்லை.

மேடையில் நின்றபடியே கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். சொல்லி முடித்துவிட்ட திருப்தியோடு எல்லோரும் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் வாயை மூடிக்கொண்டான். மேடையிலிருந்து இறங்கினான். முன்வரிசைப் பையன் ஒருவனின் மடியில் இருந்த கேள்வித்தாளைக் கேட்காமலேயே பிடுங்கிக்கொண்டான். மாப்பிள்ளை ரூமுக்குள் போனான்.

கோபம் தீரவில்லை. கதவைப் படாரென்றுதான் சாத்தினான்.

அதற்குப் பிறகு உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.